அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும்: கிளாசிக் 350-க்கு எந்த ஷாக் போடலாம்?

தண்டையார்பேட்டை81

வணக்கம். என் வண்டி 2015 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் எண்ணூர் விரைவுச்சாலையைப் பிடித்து, திருவொற்றியூரில் திரும்பி, மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போகிறேன். டிரெய்லர்களுக்கு நடுவே போகிற அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது பழகிவிட்டது. பிரச்சினை அப்பாவுக்கு.

அவருக்கு 71 வயது. இடுப்பில் டிஸ்க் தேய்மானம். வாரம் இரண்டு நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் ஹைரோட்டில், ஒரு பாதாளச் சாக்கடை மூடி, சாலை மட்டத்தைவிட நான்கு விரற்கடை கீழே இறங்கிக் கிடக்கிறது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஒதுங்க வழியில்லை, பக்கத்திலேயே மாநகரப் பேருந்து உரசிக்கொண்டு வரும். அதில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு சின்ன "ம்ம்" கேட்கும். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த "ம்ம்"தான் என்னை இங்கே எழுத வைத்தது.

பின் ஷாக்கை, அதாவது பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்குகிற ஸ்பிரிங் வைத்த குழாய்களை, மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். கேஸ் ஷாக், டப்பா வைத்த ஷாக், ஹெவி டியூட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருப்பதிலேயே மெத்தென்று இருப்பது எது? நான் 78 கிலோ, அப்பா 60 இருப்பார்.

சைடு ஸ்டாண்ட்

ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள் ஜி.

தண்டையார்பேட்டை81

ஒருமுறை அனுப்பினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துவிட்டார். பைக்கில் போகலாமா என்று டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். அதிர்வு இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகப் போனால் சரி என்றார்.

நெடுஞ்சாலைக்காரன்

யோசிக்கவே வேண்டாம். தாய்லாந்து ஒய்.எஸ்.எஸ். கேஸ் ஷாக் போடுங்கள். பெரம்பூரிலிருந்து மாதம் ஒருமுறை கொல்கத்தா நெடுஞ்சாலையில் நெல்லூர் வரை போய்வருகிறேன். பழைய ஷாக்கில் தடா தாண்டுவதற்குள் முதுகு சொல்லிவிடும். இப்போது நெல்லூரில் இறங்கி நேராகச் சாப்பிடப் போகிறேன். விலை ஐந்து இலக்கத்தில் வரும். ஆனால் ஒருமுறைதான் செலவு. எழும்பும் வேகத்தைத் திருகி மாற்றிக்கொள்ள ஒரு குமிழ் இருக்கிறது, ஸ்பிரிங்கையும் இழை வைத்த வளையத்தில் மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கலாம். இன்னும் காசு இருந்தால் ஸ்வீடன் ஓலின்ஸ் இருக்கிறது. அதற்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

மூலக்கடை ஒர்க்‌ஷாப்

தம்பி, எதையும் வாங்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இருபது வருடமாக இந்தக் கையால் ஷாக் கழற்றி மாட்டுகிறேன். "வண்டி தூக்கிப் போடுது, ஷாக் மாத்துங்க" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஷாக்கில் கோளாறு இருக்காது. டயர் காற்றில் இருக்கும், ஸ்விங் ஆர்ம் மூட்டில் இருக்கிற புஷ்ஷில் (உறையில்) இருக்கும், இல்லை யாரோ ஒருவர் ஸ்பிரிங்கை ஐந்தாவது பல்லில் ஏற்றிவிட்டுப் போயிருப்பார்.

முதலில் டயர். பங்க்கில் காற்றடிக்கிற பையனிடம் "பின்னாடி நல்லா அடிப்பா" என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அவனும் 40-க்கு மேல் அடித்து அனுப்புவான். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் தனியாளுக்கு ஒரு கணக்கு, டபுள்ஸுக்கு ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். சொந்தமாகக் காற்று அளக்கிற ஒரு கேஜ் வாங்கிக் காலையில் வண்டி சூடாவதற்கு முன்னால் பாருங்கள். கல்லாக இருக்கிற டயர் மேல் எந்த ஷாக் போட்டாலும் சின்னச் சின்ன அதிர்வு அப்படியே முதுகுக்கு வரும்.

இரண்டாவது, ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டின வளையம் இருக்கும், அதைத் திருப்பித்தான் ஸ்பிரிங்கை ஏற்றுவதும் இறக்குவதும். உங்கள் மாடலுக்கு ஐந்து படி, பல் என்றும் சொல்வோம். இப்போது எதில் இருக்கிறது?

மூன்றாவது, வண்டியை நிமிர்த்திப் பிடித்து, சீட்டின் பின்பக்கத்தை உடம்பு பாரத்தோடு அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை மேலே வந்து நின்றால் உள்ளே ஆயில் வேலை செய்கிறது. இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் செத்துவிட்டது. ஷாக்கின் கம்பியில் விரலை வைத்துப் பாருங்கள், பிசுக்கு இருக்கிறதா என்று.

நான்காவது, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மைப் பிடித்து இடம் வலம் ஆட்டுங்கள். சக்கரத்தைப் பிடிக்காதீர்கள், அப்போது பேரிங் ஆட்டமும் சேர்ந்து குழப்பும். டக் டக் என்றால் புஷ் போயிருக்கிறது.

இதெல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

மணலி68

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பல்சரில் வருகிற நைட்ராக்ஸ் ஷாக்கை ஒரு ஜோடி வாங்கி மாட்டினால் முடிந்தது. பக்கத்தில் தனி டப்பாவில் நைட்ரஜன் இருக்கிறது. என் வண்டியில் ஒன்பது வருடமாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. புதுப்பேட்டையில் மலிவாகவே கிடைக்கும்.

மூலக்கடை ஒர்க்‌ஷாப்

உங்கள் வண்டியில் அது நன்றாக இருக்கிறது என்றால், அது உங்கள் வண்டிக்காகச் செய்தது என்பதால்தான். பல்சர் 150 நூற்று நாற்பது கிலோ சொச்சம். கிளாசிக் 192 கிலோ. அந்த ஸ்பிரிங்கை இதில் போட்டால் அப்பா ஏறி உட்கார்ந்ததுமே பாதி அமுங்கிவிடும், முதல் பள்ளத்திலேயே அடியில் தட்டும். ஷாக்கை மாட்டுகிற மேல் கண்ணுக்கும் (ஓட்டைக்கும்) கீழ்க் கண்ணுக்கும் இடையிலான நீளமும் பார்க்க வேண்டும். குட்டையாக இருந்தால் டயர் மட்கார்டில் இடிக்கும். நெட்டையாக இருந்தால் சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து கிடக்கும், செயின் தொய்வும் மாறிப்போகும். போன மாதம்கூட ஒரு பையன் ஒன்றரை இஞ்ச் நெட்டையான ஜோடி போட்டு வந்தான், செயின் ஸ்விங் ஆர்மில் உரசிப் பள்ளம் பறித்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காசிமேடு ஐஸ்பெட்டி

எங்கள் கதை வேறு, இருந்தாலும் சொல்கிறேன். என்னிடம் ஸ்ப்ளெண்டர். விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஏலம். ஐஸோடு சேர்த்து எண்பது தொண்ணூறு கிலோ பின்னால் ஏறும். மூலக்கடை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவேன்.

முதலில் ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டு தடி ஸ்பிரிங் போட்டேன். பாரம் ஏற்றும்போது ராஜா மாதிரி போகும். திரும்பி வரும்போது குதிரை. பல் ஆடும். ஆறு மாதத்தில் பின் சக்கரத்தில் மூன்று ஸ்போக் போய்விட்டது. கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி கம்பெனி ஷாக்கே போட்டேன். இப்போது வளையத்தைத் திருப்புகிற கொக்கி ஸ்பேனரை நைலான் கயிற்றில் கேரியரோடு கட்டிவைத்திருக்கிறேன். பாரம் ஏற்றினதும் இரண்டு பக்கமும் ஐந்தாவது பல். இறக்கினதும் இரண்டாவது பல். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பார்க்கிறவன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு விஷயம். இரண்டு பக்கமும் ஒரே பல்லில் இருக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் இடது பக்கத்தை மறந்துவிட்டேன், வளைவில் வண்டி ஒரு மாதிரி நெளிந்தது.

தண்டையார்பேட்டை81

ஞாயிறு முழுக்க இதே வேலைதான். மூலக்கடை அண்ணா, நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் என் வண்டியில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

டயர் காற்று 42. சொந்தக் கேஜில் பார்த்தேன், நம்பாமல் பக்கத்து வீட்டுக் கேஜிலும் பார்த்தேன். போன தடவை பங்க்கில் "36 போதும்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றது ஞாபகம் வந்தது.

வளையம் இரண்டு பக்கமும் ஐந்தில். யார் ஏற்றினார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அழுத்திவிட்டால் மூன்று தடவை ஊஞ்சலாடுகிறது. இடது பக்கக் கம்பியில் விரல் வைத்தேன். கறுப்பாக, மண்ணும் எண்ணெயும் கலந்த பசை. துடைத்துப் பார்த்தால் குரோமில் பொடிப் பொடியாகத் துருப்புள்ளிகள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது. ஸ்விங் ஆர்ம் லேசாக டக் என்கிறது.

அப்புறம் இணையத்தில் படித்துவிட்டு, வண்டி எவ்வளவு அமர்கிறது என்றும் அளந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், ஷாக் முழுசாக நீண்டிருக்கும். அச்சு நட்டிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு டேப் ஒட்டி, அதுவரை அளந்தேன்: 486 மில்லிமீட்டர். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நான் ஏறி இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்துக்கொண்டேன். தம்பி முன்னால் ஹேண்டில்பாரைப் பிடிக்க, மனைவி அளவு டேப்போடு கீழே உட்கார்ந்தாள். 475. அதாவது நான் ஏறினால் வண்டி 11 மில்லிமீட்டர்தான் அமர்கிறது. இந்த மாடலுக்குப் பின் ஷாக்கின் மொத்த ஓட்டம், அதாவது முழுசாக நீண்டதிலிருந்து முழுசாக அமுங்கும் வரை, 80. அதில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை அமர வேண்டும் என்கிறார்கள், அதாவது 20 முதல் 27 வரை.

வளையத்தை இரண்டாவது படிக்கு இறக்கினேன். 465 வந்தது. 21 மில்லிமீட்டர். அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "எங்கடா போறோம்?" என்றார். எங்கேயும் போகவில்லை, சும்மா உட்காருங்கள் என்றேன். 452. மொத்தம் 34. நான்காவது படிக்கு ஏற்றிப் பார்த்தேன், 459, அதாவது 27. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது, இறங்கிக் காபி குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. படியை இறக்கினால் ஸ்பிரிங் இளகிவிடுகிறதா?

மூலக்கடை ஒர்க்‌ஷாப்

தம்பி, சபாஷ். இவ்வளவு ஒழுங்காக என் கடைப் பையன்கள்கூட அளக்க மாட்டார்கள்.

இல்லை, ஸ்பிரிங் இளகவில்லை. அதே கம்பி, அதே சுற்று, அதே கடினம். நீங்கள் மாற்றியது வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான். ஐந்தில் இருந்தபோது ஸ்பிரிங் ஏற்கனவே இறுக்கி அடைத்து வைத்திருந்தது, வண்டி தூக்கலாக நின்றது. அதைவிட முக்கியம், கீழே இறங்க இடமே இல்லை. எல்லோரும் ஷாக் மேலே அமுங்குவதைத்தான் நினைக்கிறார்கள். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க வேண்டும் இல்லையா? 11 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் சக்கரம் தொங்கிவிடும், வண்டியே பள்ளத்துக்குள் விழும். உங்கள் சாக்கடை மூடி கதை அதுதான். முதலில் மொத்த வண்டியும் விழுகிறது, அப்புறம் அந்தப் பக்க விளிம்பில் முட்டுகிறது. அப்பா "ம்ம்" என்பது அந்த இரண்டாவது முட்டலுக்கு.

இடது ஷாக் செத்துவிட்டது. உப்புக்காற்றில் கம்பி புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் ஆயில் சீலைச் சுரண்டியிருக்கிறது. எண்ணூர், காசிமேடு வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை அந்தக் கம்பியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், யாரும் செய்வதில்லை. வலது பக்கம் நன்றாக இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ரீகண்டிஷன் செய்கிறேன், ஆயில் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். உங்களுடையது உள்ளே கேஸை அழுத்தி ஏற்றி மூடியது. ஓட்டை போட்டு ஆயில் ஊற்றி வெல்டிங் வைத்து அடைத்துவிடுவார்கள், அழுத்தம் போனது போனதுதான்.

பழைய புல்லட்

பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. திருவொற்றியூர்க்காரன் நான். பழைய என்ஃபீல்டு தொழிற்சாலைச் சங்கு கேட்டுத்தான் எங்கள் தெருவில் சோறு வடிப்பார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது இந்த ஊருக்குத்தான் பெருமை.

அதற்கும் முன்னால், நாற்பதுகளில், பெரும்பாலான பைக்குகளுக்குப் பின்னால் ஷாக்கே கிடையாது. சக்கரம் நேராக ஃப்ரேமில் மாட்டியிருக்கும், சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். உட்கார்ந்தவன் மட்டும் துள்ளுவான். புல்லட் 350 வந்தபோது ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் வைத்து வந்தது. 1948-இல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் அந்த மாதிரி வண்டிகள் தங்கம் வாங்கின பிறகுதான் பலருக்கு நம்பிக்கையே வந்தது. அதுவரை "பின் சக்கரம் ஆடினால் வண்டி நிற்குமா?" என்றுதான் கேட்டார்கள். இப்போது நாம் ஷாக் குமிழை எத்தனை கிளிக் திருகுவது என்று சண்டை போடுகிறோம்.

தம்பியின் அப்பாவுக்கு என் வணக்கம். பின் சீட்டின் ஃபோமையும் அழுத்திப் பாருங்கள். பத்து வருடப் பழசு என்றால் உள்ளே அப்பளமாகியிருக்கும். ஷாக் எது போட்டாலும் தகரத்தில் உட்கார்ந்தால் தகரம்தான்.

நெடுஞ்சாலைக்காரன்

எல்லாம் சரி. மூலக்கடை அண்ணா சொன்னதில் எனக்கு ஒன்றுதான் ஒப்பவில்லை. அளந்து, படியை இறக்கி, கம்பெனி ஷாக்கே போட்டால் போதும் என்ற திசையில் போகிறார். ஸ்பிரிங் பாதிக் கதைதான். மீதி ஆயில். ஸ்பிரிங் அமுங்கிச் சேர்த்துவைத்த வேகத்தை யார் தின்பது? ஆயில்தான். ஒரு வேகத்தடையை ஏறி இறங்கிய பிறகு பின்னால் இருப்பவர் சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்புகிறார் பாருங்கள், அது திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தாததால். டிஸ்க் பிரச்சினை உள்ளவருக்கு அமுங்குவதைவிட அந்த உதைதான் ஆபத்து. குமிழ் வைத்த ஷாக்கில் அதை நான் திருகி அடக்கலாம். கம்பெனி ஷாக்கில் கொடுத்ததுதான்.

மூலக்கடை ஒர்க்‌ஷாப்

நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் குமிழ் வைத்த ஷாக்கைப் பாதிப் பேர் கடைசிவரை திருகி இறுக்கிவிட்டு வருகிறார்கள், "இன்னும் சாஃப்டா வரும்னு நினைச்சேன்" என்று. அப்படி இறுக்கினால் ஒரு பள்ளத்தில் அமுங்கினது மேலே வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். அப்புறம் அதற்கடுத்தது. எண்ணூர் ரோட்டில் வரிசையாகப் பத்துப் பள்ளம் இருக்கிறது, பத்தாவதில் ஷாக் அடியில் ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிடும். திருகத் தெரிந்தவருக்கு அது வரம். நீங்கள் தெரிந்தவர். எல்லோரும் அப்படி இல்லை.

இன்னொன்று. வண்டிக்குக் கொடுத்த ஓட்டம் 80 மில்லிமீட்டர். லட்ச ரூபாய் போட்டாலும் அதே நீள ஷாக்கில் அது பெரிதாகக் கூடாது. அந்த 80-ஐ எப்படிச் செலவு செய்வது என்பதுதான் ஷாக்கின் வேலை.

நெடுஞ்சாலைக்காரன்

ஒருநாள் பெரம்பூர் வாருங்கள் அண்ணா, என் வண்டியை ஓட்டிப் பாருங்கள். டீ என் செலவு.

தண்டையார்பேட்டை81

கடை ஏறி இறங்கிய கதை. சனிக்கிழமை பாதி நாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் மீதி புதுப்பேட்டையிலும் போனது.

முதல் கடையில் "கேஸ் ஷாக் காட்டுங்க" என்றதும் சிவப்பு டப்பா வைத்த ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். விலையும் சகாயம்தான். ஸ்பிரிங் எத்தனை கிலோ வண்டிக்கு என்று கேட்டேன். "எல்லா புல்லட்டுக்கும் ஆகும் சார்" என்றார். நீளம் கேட்டேன், "அதெல்லாம் சரியா இருக்கும்." டப்பாவைக் கையில் பிடித்து லேசாகத் திருப்பினேன். அது சுற்றிக்கொண்டது. அடியில் பார்த்தால் ஷாக்கோடு எந்தத் தொடர்பும் இல்லை, இரண்டு திருகாணியில் ஒட்டவைத்த வெறும் குழாய். உள்ளே ஒன்றுமே இல்லை. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "டிசைன் சார்" என்றார்.

இரண்டாவது கடையில் ஹெவி டியூட்டி என்று ஒன்று. அழுத்திப் பார்க்கவே முடியாத அளவுக்குத் தடித்த ஸ்பிரிங். காசிமேடு அண்ணாவின் மூன்று ஸ்போக் ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன்.

மூன்றாவது இடத்தில் ஒய்.எஸ்.எஸ். இருந்தது. அந்தக் கடைக்காரர் மட்டும்தான் என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்டார்: உங்கள் எடை என்ன, டபுள்ஸ் எத்தனை நாள், வண்டி எந்த வருடம். நேர்மையாகச் சொன்னால் மனம் அங்கே போய்விட்டது. ஆனால் இந்த மாதம் அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கம்பெனி ஸ்பேர் கவுன்டரில் ஒரிஜினல் ஜோடியும், ஸ்விங் ஆர்ம் புஷ் செட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நெடுஞ்சாலைக்காரன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். போனஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நெடுஞ்சாலைக்காரன்

கோபமா? டப்பா சுற்றிய கதைக்கே உங்களுக்கு ஒரு பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

மூலக்கடை ஒர்க்‌ஷாப்

வீட்டிலேயே மாட்டுவீர்கள் என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயருக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றி, புதியதை மாட்டி, அப்புறம்தான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் தொப்பென்று இறங்கும், மறுபடி ஓட்டையை ஒன்றுசேர்க்கச் சண்டை போட வேண்டும். வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு செயின் தொய்வைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

புஷ் வேலையை மட்டும் கடையில் கொடுங்கள். அதற்குப் பிரஸ் வேண்டும். சுத்தியால் அடித்து ஏற்றினால் புது புஷ் உள்ளே போகும்போதே கெட்டுவிடும்.

அப்படியே முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். 62,000 ஓட்டத்தில் மாற்றியதே இல்லை என்றால், வடியும்போது பாருங்கள், சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி வரும். அப்பாவுக்குப் பின் ஷாக் என்றால் உங்கள் மணிக்கட்டுக்கு முன் ஃபோர்க்.

மணலி68

என் தங்கை ஓட்டுகிற ஸ்கூட்டருக்கும் இதே கணக்குதானா?

மூலக்கடை ஒர்க்‌ஷாப்

காற்றும் அழுத்திவிடும் சோதனையும் அதேதான். நிறைய ஸ்கூட்டரில் பின்னால் ஒரே ஷாக்தான், அடியில் எஞ்சினே சேர்ந்து ஆடும், அதனால் ஸ்விங் ஆர்மைப் பிடித்து ஆட்டுகிற சோதனை அப்படியே பொருந்தாது. அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை81

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மழை, வேலை, அப்பாவின் ரிப்போர்ட் என்று போய்விட்டது.

புது ஷாக், புது புஷ், ஃபோர்க் ஆயில், டயரில் புத்தகத்தில் போட்ட காற்று. பின் சீட்டைச் சீட் கவர் கடையில் கொடுத்து ஃபோம் மாற்றி இரண்டு அங்குலம் அகலமாக்கினேன். மறுபடி அளந்தேன். தனியாக இரண்டாவது படியில் 22 வருகிறது. அப்பாவோடு நான்காவது படியில் 28. அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அடியில் தட்டவில்லை. ஃபோர்க்கிலிருந்து வடிந்தது அண்ணா சொன்ன அதே நிறம்.

எனக்குத் தனியாக ஓட்டும்போது முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சொல்லப்போனால் முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பட்டது. விரைவுச்சாலையில் கடலரிப்புக்குக் கல் கொட்டியிருக்கும் பக்கம் வரும்போதுதான் புரிந்தது, பள்ளம் தெரிகிறது, ஆனால் ஒரே தடவை தெரிகிறது. முன்பெல்லாம் ஒரு பள்ளம் மூன்று பள்ளமாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவை ஸ்டான்லிக்கு அழைத்துப் போனேன். கிளம்புமுன் வாசலில் குந்தி உட்கார்ந்து வளையத்தை நான்குக்கு ஏற்றினேன். அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். டி.எச். ரோட்டில் அந்த மூடி வந்தது. பக்கத்தில் பேருந்து, வழக்கம்போல. இறங்கி ஏறினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. நூறடி தள்ளிப் போன பிறகு தோளைத் தட்டினார்.

"அந்த மூடியச் சரி பண்ணிட்டாங்களா?"

காசிமேடு ஐஸ்பெட்டி

கழற்றின பழைய ஜோடியில் வலது பக்கம் நன்றாக இருந்தால், அந்த ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் மீன் தராசுக்கு அடியில் வைக்கக் கேட்கிறார். இந்த வாரம் எந்தப் பக்கம் வருவீர்கள்?